சத்தத்தின் நடுவே சும்மா இருத்தல்

வன்னியில் 1990 முதல் 2002 வரை வாழ்ந்த குடும்பங்களுக்கு மின்சாரம் இல்லாத இரவு எப்படியிருக்கும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ரோர்ச் பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் என்று ஊரே கூடியிருந்து கேட்டது. செய்தி முடியும்போது சுற்றியவருக்குக் கை உளைந்துவிடும். சைக்கிளை நிமிர்த்துவார்கள், வானொலி ஓய்ந்துவிடும்.

அந்தக் காலம் அமைதியான காலம் என்று இப்போது சிலர் ஏக்கத்துடன் சொல்வதைக் கேட்கிறோம். அப்படிச் சொல்ல முடியாது. கிபிர் வருகிறதா, எறிகணை ஏவும் சத்தம் கேட்கிறதா என்று பங்கர் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நிசப்தத்துக்கு மன அமைதி என்று பெயரில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டைனமோ வானொலிக்கு ஓர் எல்லை இருந்தது. அது கேட்பவரின் கைப்பலத்தில் ஓடியது. கை களைத்தால் அதுவும் நிற்கும். இன்று எம் கைகளில் உள்ள தொலைபேசி களைப்பதில்லை. களைப்பவர்கள் நாங்கள்தான்.

தொலைபேசி ஏன் எம்மை விடுவதில்லை?

இதற்குக் காரணம் எமது பலவீனம் மட்டுமே என்று பிரசங்கம் செய்வது நியாயமாகாது. அந்தப் பொருள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. முன்பு இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு கணத்தில் "போதும்" என்று நிறுத்த இடமிருந்தது. 2006 இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை உருவாக்கினார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வருந்திப் பேசினார். யூரியூப்பில் ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும் இதே வகைதான். நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துப் பரிசோதனை செய்தார். கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்தால் புறா பசிக்கு மட்டும் கொத்துகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கிடைத்தால் விடாமல் கொத்திக்கொண்டேயிருக்கிறது. குளத்தில் தூண்டில் போட்டவரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடுத்த முறை மீன் இருக்கலாம். தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பதும் அதுதான். பத்து முறை ஒன்றுமில்லை. பதினோராவது முறை மகளின் படம்.

எமக்கோ தூண்டில் இன்னும் ஆழமாக மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் 2009 ஆம் ஆண்டின் முள்ளிவாய்க்கால் படங்கள், கேட்காமலே கண்முன் வருகின்றன. 2023 ஒக்ரோபருக்குப் பின் காசாவில் இடிபாடுகளிலிருந்து தூக்கப்பட்ட குழந்தைகளையும் அதே சிறு திரையில் பார்த்தோம். பார்த்தவருக்கு அது தூரத்துச் செய்தியாக இருப்பதில்லை. உடம்பு தன் பழைய பங்கரை நினைத்துக்கொள்கிறது. அதன்பின் நித்திரை எப்படி வரும்?

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலருகே போராட்டத்தைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஓடிப்போய் எடுப்பார். அவரிடம் போய் "தொலைபேசியைத் தூரப் போடுங்கள் அம்மா, செபத்தில் அமருங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மணி அடிப்பதை எதிர்பார்த்திருப்பதே அவருடைய செபமாக இருக்கலாம்.

மடையில் நிற்பவர்

அப்படியானால் உள்ளத்து அமைதி என்பது எது? கமக்காரருக்கு இதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளில் மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறீர்கள். மடையைத் திறந்தாயிற்று. தண்ணீர் வயலின் கடைக்கோடிக்குப் போய்ச் சேர நேரமாகும். அதை அவசரப்படுத்த உங்களால் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பார்ப்பவருக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும். ஆனால் எங்கே வரம்பு கரைகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று உங்கள் கண் அறியும். பெரியோர் சொன்ன "சும்மா இருத்தல்" இதற்கு மிக அருகிலுள்ளது. அதில் சோம்பலும் இல்லை, பரபரப்பும் இல்லை.

நண்டு வளையையும் உங்களுக்குத் தெரியும். வரம்பு வெளியே முழுதாகத்தான் தெரியும். உள்ளே ஒரு விரல் பருமன் ஓட்டை. இரவு முழுக்கத் தண்ணீர் அதனூடாகப் போய், காலையில் வயல் வெறுமையாகக் கிடக்கும். மனதின் கவனம் வெளியேறுவதும் அப்படித்தான். பெரிய பாவம் எதுவும் நடப்பதில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஒழுகுகிறது. பிள்ளை ஏதோ சொல்ல வந்து, தாய் நிமிராததைக் கண்டு திரும்பிப் போகிறது. கடவுள் பேசவில்லை என்று முறையிடுகிறோமே, அவரும் அந்தப் பிள்ளையைப் போலத் திரும்பிப் போயிருப்பாரோ என்று சில வேளைகளில் எண்ணத் தோன்றுகிறது.

இந்த நோய் தொலைபேசியோடு பிறந்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். நண்பகலில் துறவிக்கு இருப்புக் கொள்ளாது. சூரியன் நகர்ந்ததா என்று அடிக்கடி யன்னலைப் பார்ப்பார், எவராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார், வேறு இடத்துக்குப் போனால் நன்றாயிருக்குமே என்று எண்ணுவார். பாலைவனத்தில், ஒரு சத்தமும் இல்லாத இடத்தில்! ஆகவே தொலைபேசியை உடைத்துவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. அன்று யன்னல் ஒன்றுதான் இருந்தது. இன்று ஆயிரம் யன்னல்களைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

எமது மண்ணிலும் இதைப் பழகியவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) துறவு பூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைகளில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். சாமான்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் உத்தியோகம். நாளெல்லாம் ஆட்கள், கணக்கு, கூச்சல். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் கண்டவர் பின்பு உத்தியோகத்தை விட்டார். ஆயினும் தேடல் தொடங்கியது சந்தடியின் நடுவில்தான். கத்தோலிக்கர் மத்தியில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928 இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனமும் செபமாலையும் கைவேலையுமே அவர்களுடைய வாழ்வு. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது தோலகட்டியும் வெறிச்சோடியது. மௌனத்துக்கென்றே வாழ்ந்தவர்களுக்கும் அகதி வாழ்வு தப்பவில்லை.

மௌனம் பயமாக இருப்பவர்களுக்கு

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். எம்மில் பலர் தொலைபேசியைக் கீழே வைக்காததற்குக் காரணம் ஆசையல்ல, பயம். விளக்கை அணைத்து, சத்தம் அடங்கினால், கண்ட காட்சிகள் திரும்பி வருகின்றன. மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் வருகின்றன. அதனால் கண் மூடும்வரை ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இப்படிப்பட்டவரைத் தனியே இருட்டில் கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்வது மருந்தல்ல. காயத்தில் கை வைப்பது.

எலியாவின் கதையை நினைத்துப் பாருங்கள். கொலைக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டவர் அவர். கடவுள் அவருக்கு உடனே போதனை செய்யவில்லை. தூங்க விட்டார். எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூங்க விட்டார், மீண்டும் கொடுத்தார். நாற்பது நாள் நடந்த பிறகே ஒரேபு மலையில் அந்த மெல்லிய ஓசை கேட்டது. காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் அவர் கடவுளைக் காணவில்லை. சோறும் நித்திரையும் முதலில், மௌனம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் மனம் காயப்பட்டவர்களுக்கு அவரவர் சமயத்தில் ஊறிய பயிற்சிகள் உதவும் என்று எழுதினார். இந்துக்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர். இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். செபமாலையில் கைக்கு மணி உண்டு, வாய்க்குச் சொல் உண்டு, மூச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, பக்கத்தில் மறுமொழி சொல்ல ஆள் உண்டு. மனம் வெறுமையில் விழுவதில்லை. தேவாரம் பாடும் வீட்டிலும் அப்படியே. தனி மௌனம் தாங்காதவர்கள், கண்ணைத் திறந்தபடி, விளக்கைப் பார்த்தபடி, வாய்விட்டுச் சொல்லித் தொடங்கட்டும். சொல்லி முடித்தபின் வரும் இரண்டு நிமிட அமைதி போதும். கெட்ட கனவும் நடுக்கமும் விடாமல் தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

தொலைபேசிக்கும் ஒரு மடை கட்டலாம். முதலில், அழைப்பு தவிர்ந்த மற்ற அறிவிப்புகளின் சத்தத்தை நிறுத்துங்கள். முகநூலும் ரிக்ரொக்கும் உங்களைக் கூப்பிடத் தேவையில்லை, வேண்டுமானால் நீங்கள் போகலாம். யூரியூப்பில் காணொளி தானாக ஓடுவதை நிறுத்தவும் வழியுண்டு. படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார். வட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாக இறங்காமல் இருக்கவும் செய்யலாம். மே மாதத்தில் இது பெரிய உதவி.

மாலைச் செபத்துக்கு அமரும்போது டேற்றாவை மட்டும் நிறுத்திவிடுங்கள். தொலைபேசியை நிறுத்த வேண்டாம். டேற்றா இல்லாவிட்டாலும் சாதாரண அழைப்பு வரும். ஆகவே எதிர்பார்த்துக் காத்திருக்கும் தாய்க்கும் இதனால் இழப்பில்லை. இரவில் தொலைபேசியைத் தலைமாட்டில் வைக்காமல் குசினிப் பக்கமாகச் சார்ஜில் போடுங்கள். மணி அடித்தால் கேட்கும். சும்மா கை போகாது.

காவல் கொட்டிலில் பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்கும் இளைஞர்கள் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆபத்தான வேலை அது. ஒரு காதையாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள். யானை வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு அழைப்புத்தான் பல வீடுகளில் செபத்தைக் குழப்புகிறது. அதைப் பிள்ளைகளோடு பேசி ஒழுங்கு செய்யலாம். ரொறொன்ரோவில் நண்பகல் பன்னிரண்டு மணி என்றால் இங்கே கோடையில் இரவு ஒன்பதரை, மாரியில் பத்தரை. வேலை இடைவேளையில் அவர்கள் எடுப்பதால்தான் எமது நித்திரை முறிகிறது. அவர்களுடைய சனிக்கிழமை காலை எட்டு மணி எமக்குக் கோடையில் மாலை ஐந்தரை, மாரியில் ஆறரை. அந்த நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், பேசி முடித்துவிட்டு ஏழு மணிக்கு எல்லோருமாக விளக்கடியில் அமரலாம்.