அட்டையில் வெளுத்த நாயகன்

ஆப்பிரிக்க மண்ணில் கால் வைக்காமலேயே அந்தக் காட்டுக்கு ஒரு ராஜாவை அனுப்பியவர் எட்கர் ரைஸ் பரோஸ். 1912-ல் அவர் எழுதிய டார்ஜான், 1929 ஜனவரியில் ஹால் ஃபாஸ்டரின் தூரிகையில் அமெரிக்க நாளிதழ்களில் சித்திரத் தொடரானான். அடுத்த பத்தாண்டில் பத்து சென்ட் காமிக்ஸ் புத்தகங்கள் கடைகளில் குவிந்தபோது, பதிப்பாளர்கள் பலருக்கும் தேவைப்பட்டது இன்னொரு டார்ஜான்.

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. 1938-ல் 'ஜம்போ காமிக்ஸ்' இதழில் ஷீனா வந்தாள். வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் நடத்திய நியூயார்க் ஓவியக்கூடத்துச் சரக்கு. ஆபத்தில் மாட்டிக்கொள்வது அவளுடைய துணைவன் பாப். பாய்ந்து வந்து மீட்பவள் அவள். 1942-ல் வொண்டர் உமனையும் முந்திக்கொண்டு தன் பெயரிலேயே தனிப் புத்தகம் கண்டாள். அந்த மட்டில் அவளை மெச்சத்தான் வேண்டும். 1939-ல் கா-ஸார், 1940-ல் கான்கா என ஆண்களும் வரிசை கட்டினார்கள்.

எல்லாரும் வெள்ளையர்கள், பெற்றோரைப் பறிகொடுத்துக் காட்டிலேயே வளர்ந்தவர்கள். அந்தக் காட்டிலேயே பிறந்த கறுப்பர்களுக்குக் கிடைத்த வேஷமோ சுமைகூலி, சூனியக்காரன், இல்லையென்றால் அலறி ஓடும் கூட்டம். வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று வந்துதான் அவர்களைக் காப்பாற்ற வேண்டுமாம்!

இத்தனைக்கும், 1944-ல் ஷீனா கதையொன்றுக்குப் பெண்களை வரைந்த மாட் பேக்கர் ஒரு கறுப்பின ஓவியர். அவர் அழகிகளை வரைந்தால் தனி மெருகு. அதற்காகவே பின்னாளில் பேர் வாங்கினார். மறு ஆண்டே 'கிரவுன் காமிக்ஸ்' இதழில் 'வூடா' என்ற கறுப்பு வனநாயகனை அவர் வரைந்தார். அமெரிக்க காமிக்ஸில் அது அனேகமாக முதல் முறை. அப்புறம் நடந்ததுதான் கூத்து. உள்பக்கங்களில் கறுப்பாக இருந்தவன், அட்டைக்கு வந்தால் வெள்ளையன்! போகப்போக உள்ளேயும் அவனுக்கு வெள்ளைத் தோலே நிலைத்தது. கடையில் தொங்குவது அட்டைதானே. வியாபாரிகளின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

1947-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஆரின் எவன்ஸ், இவர்களை நம்பிப் பயனில்லை என்பதுபோலத் தாமே களமிறங்கினார். 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்': எழுத்தும் ஓவியமும் முழுக்கக் கறுப்பர்களுடையவை. விலை பதினைந்து சென்ட். அதில் வந்த 'லயன் மேன்' அமெரிக்காவில் பிறந்த கறுப்பின விஞ்ஞானி. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் யுரேனியம் உள்ள மலையைக் காக்க ஐ.நா. சபை அனுப்பியவன். காட்டுநாயகனுக்கு அறிவியல் படிப்பைக் கொடுத்தது எவன்ஸ் கூட்டணியின் துணிச்சல்.

இரண்டாம் இதழுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. அந்த இதழ் வெளிவரவே இல்லை. ஷீனாவைச் சுமந்த 'ஜம்போ காமிக்ஸ்' 1953 வரை, 167 இதழ்கள் ஓடியது.