பழைய கணிப்பொறிக்குப் புதுவாழ்வு

திருப்பதியிலிருந்து காளத்திக்குச் செல்லும் வழியில் உள்ளது ஏர்பேடு; இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று அமைந்த ஊர். அங்கும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று எழும் கேள்வி ஒன்றுண்டு: பழைய கணிப்பொறியை என் செய்வது? 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11ஐயோ பழைய பொறிகள் பல ஏற்பதில்லை.

ஆயினும் பொறியை நாம் எறிய வேண்டுவதில்லை. அது பழுதுறவில்லை, அதை இயக்கும் மென்பொருளுக்கே காலம் கடந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. அதன் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட், 4 ஜிபி நினைவகமுள்ள பொறியிலும் இயங்கும். நம் நாட்டு பாஸ் லினக்ஸைச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்க. பின்பு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி யாவும் இசைந்தால் நிறுவுக. வேகம் போதாதெனில், சுழலும் ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி பொருத்துதல் பயன்தரும் செலவாகும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் சில இதில் ஓடா என்பதையும் நினைவிற் கொள்க.

தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. பள்ளியில் தெலுங்கோ இந்தியோ பயிலும் நம் குழந்தை, ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழிலேயே கடிதம் எழுதட்டும். அதற்கு அப்பழைய பொறியே போதும்.