தவறிய சொல்லும் சிரிக்கும் பார்வையாளரும்
தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் தவறுத் துணுக்குகள் பற்றிய ஒரு நோக்கு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் படம்பிடிக்கும்போது நடிகர் வசனத்தை மறந்தோ, நாத் தடுமாறியோ, சிரிப்பை அடக்கமாட்டாமலோ காட்சியைக் கெடுத்துவிடும் தருணங்கள் பல உண்டு. இத்தருணங்களைத் திரட்டித் தனியே வெளியிடும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நெடுநாளாக நிலவிவருகிறது. 'புளூப்பர்' எனப்படும் இத்துணுக்குகளில், தவறு நேர்ந்த மறுகணமே நடிகரின் வாயிலிருந்து ஒரு தூஷணச்சொல் வெளிப்படுவதைக் காண்கிறோம். அதன்மேல் 'பீப்' என்ற ஒலி ஏற்றப்பட்டிருக்கும். பார்ப்போருட் பெரும்பாலோர் சிரிப்பர், சிலர் முகஞ்சுளிப்பர்.

இச்சிரிப்பையும் முகச்சுளிப்பையும் ரசனையின் உயர்வு தாழ்வு பற்றிய பிரச்சினையாகவே பலரும் கொள்வர். அவ்வாறு கொள்ளும்போது பிரச்சினையின் மையம் எமது பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. புளூப்பர் தூஷணத்துக்குப் பார்வையாளர் காட்டும் எதிர்வினை, அடிப்படையில், மறைக்கப்பட்ட உழைப்பொன்று திடீரெனக் கண்ணிற் படுவதற்கான எதிர்வினையாகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொது அரங்கில் தூஷணச்சொல் எழுப்பும் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1914ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆம் திகதி இலண்டனில் பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் மேடையேறியபோது, பூ விற்கும் ஏழைப்பெண் எலைசாவாக நடித்த திருமதி பற்றிக் கம்பெல் 'பிளடி' என்ற சொல்லை உச்சரித்ததும் எழுந்த சிரிப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அச்சொல் அரங்கிலிருந்தோர் அறியாத சொல்லன்று; இலண்டன் தெருக்களில் நாள்தோறும் ஒலித்த சொல்லே. சீமாட்டியின் உச்சரிப்பில், கனவான்களின் வரவேற்பறையில், ஏழைத் தெருவின் சொல் ஒலித்தமையே சிரிப்பை விளைவித்தது. இரு வர்க்கங்களின் மொழி ஒரே வாயில் முட்டிக்கொண்ட கணம் அது.

இம்முட்டலை விளங்கிக்கொள்ள வொலோஷினொவ் துணைபுரிவார். 1929இல் வெளிவந்த 'மார்க்சியமும் மொழியின் மெய்யியலும்' என்ற நூலில் அவர் தொஸ்தோயெவ்ஸ்கியின் நாட்குறிப்பிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்தாள்கிறார். குடிபோதையிலிருந்த ஆறு தொழிலாளர், அச்சிடத் தகாத ஒரே சொல்லை மட்டும் மாறிமாறிக் கூறி முழு உரையாடலையே நடத்தி முடிக்கின்றனர். ஒருவர் வாயில் அது இகழ்ச்சி. மற்றவர் வாயில் ஐயம். இன்னொருவர் வாயில் களிப்பு. சொல்லின் அகராதிப் பொருள் இங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாது போக, சமூக மதிப்பீட்டைச் சுமந்த தொனியே பொருளாகிவிடுகிறது.

இந்நோக்கிற் பார்ப்பின், நடிகரின் தூஷணச்சொல் எவரையும் ஏசுவதன்று. ஆணிக்கு ஓங்கிய சுத்தியல் விரலில் விழும்போது தச்சன் சொல்லும் சொல்லுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. செய்த வேலை பாழாயிற்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே அதன் தொனி. சுருங்கக் கூறின், அது வேலைத்தலத்தின் சொல்.

நகைச்சுவைத் தொடரோ வேலைத்தலத்தை மறைப்பதிலேயே தனது வெற்றியைக் காண்கிறது. 1951இல் சீ.பீ.எஸ். வலையமைப்பில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர், நேரிற் பார்வையாளரை அமர்த்தி, மூன்று கமராக்களால் ஒரே நேரத்திற் படம்பிடிக்கும் முறையை நிலைநாட்டியது. 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான 'பிரெண்ட்ஸ்' போன்ற தொடர்களும் இம்முறையையே பின்பற்றின. பல மணிநேரம் நீடிக்கும் படப்பிடிப்பிலிருந்து விளம்பரம் நீங்கலாக ஏறத்தாழ 22 நிமிடங்கள் எஞ்சுகின்றன. மீளமீளச் செய்த முயற்சிகள், களைப்பு, ஒளியமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் காத்துநின்ற நேரம் யாவும் வெட்டப்பட்டு, வீட்டுக் கூடமொன்றில் நண்பர்கள் இயல்பாக உரையாடுவது போன்ற தோற்றமே எம்மை வந்தடைகிறது.

இத்தோற்றத்துக்கேற்ற மொழியும் வகுக்கப்பட்டது. 1952இல் லூசி கருவுற்ற கதையை ஒளிபரப்பியபோது, கருவுற்றிருத்தலைக் குறிக்கும் நேரடியான ஆங்கிலச் சொல்லைக்கூட அத்தொடரிற் பயன்படுத்த அனுமதியில்லை. பிரித்தானியாவிற் சிறைவாழ்வைச் சித்திரித்த 'பொறிட்ஜ்' (1974–77) தொடரின் ஆசிரியர்கள், கைதிகளின் உண்மையான பேச்சை ஒளிபரப்ப இயலாமையால் 'நாஃப்', 'நேர்க்' போன்ற மாற்றுச் சொற்களை வழங்கினர். அதாவது, அடிநிலை மாந்தரின் வாழ்வு திரையில் இடம்பெறலாம். அவர்தம் மொழி இடம்பெறலாகாது.

இக்கட்டுப்பாட்டின் பின்னே சட்டமும் பணமும் நின்றன. ஜோர்ஜ் கார்லினின் நகைச்சுவைப் பேச்சொன்றை 1973இல் நியூ யோர்க் வானொலி நிலையமொன்று பகல் வேளையில் ஒலிபரப்பியமை பற்றிய வழக்கில், அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அரசின் கட்டுப்பாட்டு அதிகாரத்தை ஏற்றது. 2006இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய குற்றத்துக்கான உச்சத் தண்டப்பணத்தை 32,500 டொலரிலிருந்து 325,000 டொலராக, பத்து மடங்காக, உயர்த்தியது. ஒரு சொல்லுக்கு இத்துணை விலை குறிக்கப்பட்டுள்ள சூழலில், அச்சொல் தவறி வெளிப்படும் கணம் பார்வையாளருக்குக் கிளர்ச்சியூட்டுவது வியப்பன்று.

விலக்கப்பட்ட இச்சொல் விற்பனைப் பண்டமானது எங்ஙனம்? ஹொலிவூட்டின் வோர்ணர் சகோதரர் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியிலிருந்து, பெற்றி டேவிஸ், ஹம்ப்ரி போகார்ட் போன்ற நட்சத்திரங்கள் வசனம் தவறித் தூஷணம் பேசும் துண்டுகளை 'பிரேக்டவுன்ஸ்' என்ற பெயரிற் தொகுத்து, ஊழியர் கழகத்தின் ஆண்டு விருந்திற் காட்டிவந்தது. திரைப்பட ஒழுக்கக் கோவை 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட காலம் அது. வெளியே விலக்கப்பட்ட சொல் உள்ளே தொழிலாளரின் ஆண்டுவிழாச் சிரிப்பாயிற்று. உடனுழைப்போர் தம் தவறுகளைத் தாமே கண்டு சிரித்த அக்கட்டத்திற் சிரிப்பு இன்னும் பண்டமாகவில்லை.

1950களில் கெர்மிற் ஷாஃபர் வானொலி, தொலைக்காட்சித் தவறுகளை இசைத்தட்டுகளாக்கி விற்றார். அவற்றுட் சில, நடிகரைக்கொண்டு மீள நடிப்பிக்கப்பட்டவை. 1977இல் பிரித்தானிய ஐ.ரீ.வீ.யில் டெனிஸ் நோர்டன் வழங்கிய நிகழ்ச்சியும், 1984இல் அமெரிக்க வலையமைப்புகளில் தொடங்கிய நிகழ்ச்சிகளும் தவறைத் தொலைக்காட்சிக் கேளிக்கையாக்கின. அவற்றுள் ஒன்று 'பீப்' ஒலியைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. 'ஹோம் இம்புறூவ்மன்ற்' (1991–99) தொடர் பெரும்பாலும் இறுதிப் பெயர்ப்பட்டியலோடு தவறுகளைக் காட்டியது. பின்னர் இறுவட்டுகளின் மேலதிக இணைப்பாகவும், 2005இன் பின் யூரியூபிலும் இத்துணுக்குகள் பெருகின. 1998இல் வெளிவந்த 'ஏ பக்ஸ் லைஃப்' என்ற உயிரூட்டப் படத்தில், தவறவே இயலாத கணினிச் சித்திரங்களுக்குக்கூடத் தவறுகள் புனைந்து சேர்க்கப்பட்டன. விபத்தாகத் தொடங்கியது ஓர் இலக்கிய வகையாக முதிர்ந்துவிட்டது.

இவ்வளர்ச்சியிற் 'பீப்' ஒலியின் பங்கு சிறப்பாக நோக்கற்பாலது. அவையிற் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவதை எமது இலக்கணகாரர் இடக்கரடக்கல் என்பர். 'பீப்' ஒலியோ அடக்குவதுபோல் அடக்கி, அறிவித்துவிடுகிறது. உதட்டசைவும் முதலெழுத்தும் எஞ்சியிருக்க, மூடப்பட்ட சொல்லைப் பார்வையாளர் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். 2016 முதல் 2020 வரை ஒளிபரப்பான 'த குட் பிளேஸ்' தொடரில், மறுவுலகம் வந்த நாயகி தூஷணம் பேச முயலும்போதெல்லாம் அவ்வுலகின் விதி அச்சொல்லை முட்கரண்டியைக் குறிக்கும் சொல்லாக மாற்றிவிடும். தணிக்கையே நகைச்சுவையாகி விற்பனையாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனிப் பார்வையாளரின் எதிர்வினைகளை மூன்றாக வகுத்து நோக்கலாம். முதலாவது, மகிழ்ச்சி. 'இவர்களும் எம்மைப் போன்றவர்களே' என்பதே இதன் சாரம். தனது வேலைத்தலத்தில் மேலாளர் முன் நாவை அடக்கியிருந்து மாலையில் வீடு திரும்பும் ஒருவருக்கு, பெரும் ஊதியம் பெறும் நட்சத்திரமும் வேலைப்பளுவிற் சினந்து சொல்தவறுவதைக் காண்பது ஓர் ஆறுதல். இவ்வாறுதலில் ஓர் உண்மையும் ஒரு மயக்கமும் சேர்ந்துள்ளன. நடிப்பும் உழைப்பே என்ற அறிதல் உண்மை. 'பிரெண்ட்ஸ்' நடிகர் அறுவரும் இறுதிப் பருவங்களில் அங்கமொன்றுக்குத் தலா பத்து இலட்சம் டொலர் பெற்றனர். அவர்தம் தவறு செல்லமாகக் கொள்ளப்படும். மின்விளக்கைத் தவறவிடும் தொழிலாளியின் தவறு அவ்வாறு கொள்ளப்படுமா? எல்லோரும் ஒன்றே என்ற உணர்வு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுதலே மயக்கம்.

இரண்டாவது, புண்படுதல். தாம் நேசித்த கதைமாந்தரின் வாயில் அச்சொல்லைக் கேட்க விரும்பாதோர் இவ்வகையினர். நடிகையர் தூஷணம் பேசும்போது இவ்வுணர்வு கூர்மையடைவது தற்செயலன்று. ஆணுக்குச் சுறுசுறுப்பாகக் கணிக்கப்படும் சொல் பெண்ணுக்கு ஒழுக்கக் குறைவாகக் கணிக்கப்படுகிறது. எனினும் இவ்வெதிர்வினையை வெறும் பழைமைவாதமெனத் தள்ளிவிடல் முறையன்று. நாள்முழுதும் ஏச்சுக் கேட்டு உழைப்போருக்கு ஏச்சில்லாத அரைமணி நேரம் ஓர் அடைக்கலமாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, ஐயம். தவறுகள் வெளியிடப்படும் என்பது நடிகருக்கு முன்னரே தெரிந்துவிட்ட காலத்தில், இச்சொல்லும் நடிப்போ எனப் பார்வையாளர் வினவுகின்றனர். தன்னியல்பையும் பண்டமாக்கும் தொழில், தன்னியல்பின் மீதான நம்பிக்கையையே அரித்துவிடுகிறது.

முற்போக்காளர் இவ்விடயத்தில் எந்நிலைப்பாட்டை மேற்கொள்ளல் வேண்டும்? பிரித்தானியாவில் மேரி வைற்ஹவுஸ் அம்மையார் 1965இற் பார்வையாளர் சங்கமொன்றை நிறுவி, தொழிலாளக் குடும்பமொன்றைச் சித்திரித்த 'ரில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரில் 'பிளடி' என்ற சொல் அடிக்கடி ஒலிப்பதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். சொல்லைத் தடுத்தால் சமூகம் தூய்மையுறும் என்ற அந்நிலைப்பாடு எமக்கு உடன்பாடானதன்று. தூஷணம் பேசுவதே விடுதலை என்னும் எதிர்நிலையும் அத்துணையே குறைபாடுடையது. இதற்கு ஒரு வழக்கு சான்றாகும்.

1999இல் 'பிரெண்ட்ஸ்' தொடரின் எழுத்தாளர் குழுவுக்கு உதவியாளராக அமர்த்தப்பட்ட கறுப்பினப் பெண்ணொருவர் நான்கு மாதங்களில் வேலையிழந்தார். குழுவினரின் பேச்சைக் கேட்டுத் தட்டச்சிற் பதிவதே அவரது தொழில். அவ்வறையில் ஓயாது நிகழ்ந்த பாலியற் கொச்சைப் பேச்சு தன்னைத் துன்புறுத்தியதென அவர் வழக்குத் தொடுத்தார். அத்தகைய பேச்சு வளர்ந்தோருக்கான நகைச்சுவையை ஆக்கும் வேலைச்சூழலின் பகுதியாயிருந்ததையும், அது அவர் பெண் என்பதற்காக அவரை நோக்கிப் பேசப்படாததையும் கருத்திற்கொண்டு, கலிஃபோர்ணிய உயர் நீதிமன்றம் 2006இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கையும் புளூப்பர் துணுக்கையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒரே தொடர், ஏறத்தாழ ஒரே சொற்கள். திரையில் அவை எமக்குச் சிரிப்பு. எழுத்தறையில், எழுந்து செல்ல இயலாத ஓர் ஊழியருக்கு அவை வேலையின் நிபந்தனை. தன் தவறை நோக்கி ஒருவர் கூறும் சொல்லும், மறுத்துரைக்க வலுவற்றவர் முன் அதிகாரமுடையோர் பேசும் சொல்லும் ஒலியால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல. வொலோஷினொவ் சுட்டிய தொனி, ஈற்றில், உற்பத்தி உறவுகளின் தொனியே.

ஆகவே பார்வையாளரின் சிரிப்பை நாம் கண்டிக்கவேண்டியதில்லை. மெருகிட்ட பண்டத்தின் பின்னால் வியர்க்கும் மனிதர் உளர் என்பதை அச்சிரிப்பு ஒரு கணமேனும் உணர்ந்துகொள்கிறது. அவ்வுணர்வு நட்சத்திரத்தின் முகத்தோடு நின்றுவிடாது, கமராவின் பின்னால் நிற்பவரையும், எழுத்தறையின் மூலையிற் தட்டச்சுச் செய்பவரையும் சென்றடைதல் வேண்டும். தவறுவதற்கும், தவறியபோது வாய்விட்டுச் சினப்பதற்குமான உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற வினாவே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.