கடலோரத்தில் நல்ல தண்ணீர்!

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் என்றதும் வெள்ளிக் கடற்கரையும், 1690-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய செயிண்ட் டேவிட் கோட்டையும் உங்கள் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இத்தகைய மணற்பாங்கான கரைகளில் வேறோர் அதிசயமும் உண்டு. அலை புரளும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஊற்றுத் தோண்டினால், பல இடங்களில் நல்ல தண்ணீர் சுரக்கும்! பக்கத்திலேயே உப்புக் கடல் இருக்க, இது எப்படி?

விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதல்லவா? ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் சுமார் 920 கிராம்தான். குறிப்பிட்ட அளவுக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்டு, மற்றப் பொருள் அதைப்போல் எத்தனை மடங்கு என்று சொன்னால் ஒப்படர்த்தி. தங்கத்துக்கு 19.3, தேங்காயெண்ணெய்க்கு 0.92, கடல் நீருக்குச் சுமார் 1.025.

அதாவது கடல் நீர் லிட்டருக்கு 25 கிராம் கனம் அதிகம். ஆகையால் மணலில் இறங்கும் மழை நீர், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. 41 அடி நல்ல நீரின் கனமும் 40 அடி உப்பு நீரின் கனமும் ஒன்றே. எனவே, கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே நாற்பதடி ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும்! ஹாலந்துக்காரரான பேடன் கைபென் என்பவரும், 1901-ல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் எழுதி வைத்த கணக்கு இது.

வெறும் கணக்குத்தானே என்று தள்ளிவிடாதீர்கள். மோட்டார் போட்டு இறைத்து மேலே ஓரடி குறைத்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு நீர் நாற்பதடி ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு குடிக்க உதவாது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி தேவனாம்பட்டினத்தைத் தாக்கியது. உயிர்களைப் பறித்ததோடு நில்லாமல், அன்றைய அலை கடலோரக் கிணறுகளிலும் உப்பைக் கொட்டிச் சென்றது. அதையெல்லாம் இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பும் மேலேறும் என்று, இலங்கையின் கிழக்குக் கரையில் நிபுணர்கள் எச்சரித்தார்கள். மேலே விழும் மழையே மெல்ல மெல்ல உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் வாசிகளுக்கும் இதே கணக்குத்தான். மழை நீர்ச் சேகரிப்பைத் தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டு மாடிக் குழாய் மண்ணுக்குள் இறங்குகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா? அடுத்த மழைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!