ஸ்டீம் டெக்: கைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் கருவி என்றதும் நின்டெண்டோ கேம் பாய், சோனி பிஎஸ்பி போன்றவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றுக்கென்றே தயாரித்த கேம்கள்தான் அவற்றில் ஓடும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஸ்டீம் டெக் வேறு ரகம். பார்ப்பதற்குக் கேம் கருவி. உள்ளே இருப்பதோ முழுமையான கம்ப்யூட்டர்.

2023 நவம்பரில் வந்த இதன் ஓஎல்இடி மாடலை அண்மையில் வாங்கினேன். "தனியாகக் கம்ப்யூட்டர் எதற்கு, இதையே வாங்கிவிடலாமே" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

7.4 அங்குலத் திரை, ஏஎம்டி சிப், 16 ஜிபி ராம், நான் வாங்கியதில் 512 ஜிபி எஸ்எஸ்டி. பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் இருக்கின்றன. எடை சுமார் 640 கிராம். அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டால் சௌகரியம்.

திரையின் ரெசல்யூஷன் 1280 x 800. குறைவாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 1920 x 1080 திரையில் உள்ள புள்ளிகளில் ஏறக்குறைய பாதிதான் இதில் உள்ளன. அதனால் சிப்புக்கு வேலையும் குறைவு. இந்தச் சிறிய திரையில் படம் தெளிவாகவே தெரிகிறது.

விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் கேம்

இதில் இருப்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் இதில் எப்படி ஓடுகின்றன? புரோட்டான் என்ற சாஃப்ட்வேர்தான் காரணம். "இந்த ஃபைலைத் திற", "இந்தப் படத்தை வரை" என்று கேம் விண்டோஸிடம் கேட்பதை, லினக்ஸுக்குப் புரியும்படி இது மாற்றிக் கொடுக்கிறது.

எல்லாக் கேமும் ஓடிவிடாது. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடுவதில்லை. ஏமாற்றி விளையாடுவோரைத் தடுக்க அவற்றில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடு இதற்கு இடம் தருவதில்லை. வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவது இவைதான் என்றால், இதை வாங்கிப் பயனில்லை. ஸ்டீம் கடையில் ஒவ்வொரு கேமும் இந்தக் கருவிக்குப் பொருந்துமா என்று குறிப்பிட்டிருப்பார்கள். பச்சை டிக் இருந்தால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் சிறு சிரமங்கள் இருக்கலாம்.

ஒரு நன்மையும் உண்டு. ஸ்டீமில் ஒருமுறை வாங்கிய கேமை, அதே கணக்கில் நுழைந்து உங்கள் கம்ப்யூட்டரிலும் விளையாடலாம். இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டாம்.

பேட்டரிக் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவு 50 வாட் ஹவர். கருவி மொத்தமாக 10 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும். 20 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம்தான். மூன்று புள்ளிகள் உள்ள பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில், விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய கேம்களில் அதை 40 என்று வைத்தேன். ஃபேன் சத்தமும் குறைந்தது, பேட்டரியும் கூடுதல் நேரம் நின்றது.

கம்ப்யூட்டராகப் பயன்படுமா?

ஸ்டீம் பட்டனை அழுத்தி, பவர் மெனுவில் டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். வழக்கமான டெஸ்க்டாப் திரை வரும். வலது டச்பேட் மவுஸாக வேலை செய்யும். டைப் செய்ய ஸ்டீம் பட்டனுடன் எக்ஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும். யுஎஸ்பி-சி ஹப் மூலம் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இணைத்துப் பார்த்தேன். பிரவுசரும் லிப்ரே ஆஃபீஸும் நன்றாகவே ஓடின. ஆனால் புரோட்டான் கேம்களுக்காக உருவானது. டேலி, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் போன்றவற்றை நம்பி இதை வாங்காதீர்கள்.

மெமரி கார்டு எச்சரிக்கை

இடம் போதாவிட்டால் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். போட்டதும் ஃபார்மட் செய்யச் சொல்லும். செய்தால் அதிலுள்ள போட்டோக்கள் எல்லாம் அழிந்துவிடும். எனவே புதிய கார்டையே போடுங்கள். இதில் ஃபார்மட் செய்த கார்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. மறுபடியும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். அப்போது சரி என்று கொடுத்தால் கேம்கள் போய்விடும்.

வாங்கலாமா?

வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்து, ஸ்டீமில் கேம்களும் வாங்கி வைத்திருந்தால், இரண்டாவது கருவியாக இது அருமை. படிப்புக்கும் வேலைக்கும் முதல் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் அந்தப் பணத்தை லேப்டாப்பில் போடுவதே நல்லது. வால்வ் முதலில் விற்பனையைத் தொடங்கிய நாடுகளில் இந்தியா இல்லை. நான் வெளிநாட்டு நண்பர் மூலம்தான் வரவழைத்தேன். நீங்களும் அப்படி வாங்குவதானால், பழுதானால் யார் சரிசெய்து தருவார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.