இதழியலில் முதுநிலைப் படிப்பு

இந்தியாவில் நிருபராக வேலை பார்க்க எந்தப் பட்டமும் சட்டப்படி கட்டாயமில்லை. தமிழ்ப் பத்திரிகையுலகில் பெயர் எடுத்தவர்கள் பலர் கல்லூரியில் இதழியல் படித்தவர்கள் அல்லர். செய்தி மேசையில் மூத்த உதவி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை அவர் அடித்துத் திருத்தத் திருத்தத் தொழில் கற்றவர்கள். இன்று அந்த மூத்தவருக்கு நேரமில்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், செய்தியோ நிமிடத்துக்கு நிமிடம் இணையத்தில் ஏற வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவருக்கு மேசையில் கிடைத்த பயிற்சியை இப்போது பெருமளவு முதுநிலை வகுப்பறைதான் தருகிறது.

இந்தப் படிப்பின் வரலாற்றில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்குண்டு. மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளியைத் திறந்தது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற நிதியில் 1912இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று உருவாயிற்று. 1935இல் அது இளநிலை வகுப்பை நிறுத்திவிட்டு, பட்டதாரிகளுக்கு மட்டுமான பள்ளியாக மாறியது. முதலில் வரலாறோ பொருளாதாரமோ அறிவியலோ ஒன்றை ஒழுங்காகப் படித்துவிட்டு, பிறகு செய்தி எழுதக் கற்பது என்ற வரிசை இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் 1941இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பி.பி. சிங் தலைமையில் இதழியல் வகுப்பு தொடங்கியது. 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் வந்தது. 1994இல் பெங்களூரில் தொடங்கிய ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் (ஏசிஜே) 2000இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது.

படிப்பு இரண்டு வகை. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம். இதில் தொடர்பியல் கோட்பாடும் ஆய்வுமுறையும் கூடுதலாக இருக்கும். சென்னை ஏசிஜே போன்ற நிறுவனங்களில் ஓராண்டுப் பட்டயம். அங்கே பெரும்பாலும் களப்பணிதான். பேராசிரியர் வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள் சேருமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசியத் தகுதித் தேர்வான நெட் மூலம் உதவிப் பேராசிரியர் தகுதி பெற முதுநிலைப் பட்டமோ, அதற்கு இணையென அங்கீகரிக்கப்பட்ட பட்டயமோ தேவை. எல்லாப் பட்டயத்துக்கும் அந்த அங்கீகாரம் இருக்காது.

வகுப்பில் உண்மையில் நடப்பது என்ன? ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு வார்டில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. மாணவர் போய்ப் பார்த்து, பொதுமக்கள் கடும் அவதி என்று எழுதி வருகிறார். ஆசிரியர் அந்த வரியைச் சுழித்துக் கேள்விகளை அடுக்குகிறார். எந்தத் தெரு, எத்தனை வீடு? பணி ஆணை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? ஒப்பந்ததாரரிடம் பேசியாயிற்றா? மாநகராட்சிப் பொறியாளர் சொன்ன பதில் எங்கே? மாணவர் மறுபடி போகிறார். ஆணையின் நகல் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுகிறார். பொதுவாக 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நான்காவது பிரதியில் அவதி என்ற சொல் போய்விடும். அதன் இடத்தில் தேதியும் தொகையும், இருதரப்புப் பேச்சும் இருக்கும். இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேமராவும் ஸ்டுடியோவும் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பிரதியை இப்படித் திருத்தித் தர ஆளில்லாத இடத்தில் பணம் கட்டுவது வீண்.

சட்டப் பாடத்தைப் பலர் மனப்பாடப் பகுதியாகவே பார்க்கிறார்கள். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். பெயரை மாற்றிவிட்டு ஊரையும் பள்ளியையும் தந்தையின் தொழிலையும் எழுதினால் தெருவே கண்டுபிடித்துவிடும். வேலைக்குப் போய்த் தவறு செய்து கற்றுக்கொள்ளக் கூடாத பாடம் இது, ஏனெனில் அதற்கான விலையை இன்னொருவர் கொடுக்கிறார்.

வறுமையையும் சமூக ஒதுக்கலையும் பற்றிச் செய்தி சேகரிப்பதை ஏசிஜே தனிப் பாடமாகவே வைத்திருக்கிறது. மாணவர்கள் கிராமங்களுக்குப் போய் எழுதுகிறார்கள். புள்ளிவிவர அட்டவணைகளைப் படிப்பது, பரவும் படமோ காணொளியோ முதலில் எங்கே வெளியானது என்று தேடிச் சரிபார்ப்பது, கைப்பேசியிலேயே படம்பிடித்துத் தொகுப்பது ஆகியவை பல இடங்களில் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

மொழிதான் பெரிய குறை. டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் ஆங்கிலம், இந்தியோடு உருது, ஒடியா, மலையாளம், மராத்தி இதழியலுக்கும் படிப்புகள் நடத்திவந்திருக்கிறது. ஏசிஜேவின் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழ்ச் செய்தி எழுதுவதற்கு இதே கண்டிப்போடு பிரதி திருத்திப் பழக்கும் முதுநிலைப் படிப்புகள் இன்னும் பல வேண்டும். அதுவரை, ஆங்கிலத்தில் படித்துத் தமிழ் நாளிதழுக்குப் போகிறவர் தலைப்பும் முதல் பத்தியும் எழுத அங்கே போய்த்தான் பழக வேண்டியிருக்கும்.

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் பொதுவாக விண்ணப்பிக்கலாம். பல நிறுவனங்கள் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. நாட்டுநடப்பு தெரிகிறதா, ஒரு பத்தியைத் தெளிவாக எழுத வருகிறதா என்று பார்ப்பார்கள். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு, தனியாரிடம் லட்சக்கணக்கில் போகும். சேருமுன் அங்கே படித்த மாணவர்களின் பயிற்சி இதழையோ இணையதளத்தையோ கேட்டு வாங்கி வாசிப்பது நல்லது. பயிற்சியின் தரம் அந்தப் பிரதிகளில் தெரிந்துவிடும்.