குரூப்பில் ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆன்லைன் வகுப்பு நடத்துற ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "வாட்ஸ்அப் குரூப்ல அறுபது பேர் இருக்காங்க, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?"

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அதில் நீங்கள் கடைசியாகப் போட்ட பத்து செய்திகள் என்ன? பெரும்பாலும் வகுப்பு லிங்க், பிடிஎஃப், அசைன்மென்ட் தேதி. அப்போ அது அறிவிப்புப் பலகை. பலகையோட யார் பேசுவாங்க?

இதற்கு மாறான ஒரு பழைய உதாரணம் சொல்றேன். 2008-ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம் வழியாக ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் இருவரும் ஒரு படிப்பை நடத்தினார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இலவசமாக இணையத்தில் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். 'மூக்' என்ற பெயர் பிறந்ததே அந்தப் படிப்பை ஒட்டித்தான். மாணவர்கள் அவரவர் வலைப்பதிவில் எழுதியதைத் திரட்டி, மின்னஞ்சல் மடலாக எல்லோருக்கும் அனுப்பினார்கள். அதாவது, மாணவர் சொன்னதே பாடத்தின் ஒரு பகுதி ஆச்சு. பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

நம்ம குரூப்பில் இதை எப்படிச் செய்வது? "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு கேட்டா கட்டைவிரல் இமோஜிதான் வரும். புள்ளியியல் நடத்துறீங்களா? "உங்க ஊர்ல இன்னிக்குத் தக்காளி கிலோ என்ன விலை?"ன்னு கேளுங்க. தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது, அதனால பயமும் கிடையாது. மறுநாள் அந்த விலைகளை வெச்சே சராசரி நடத்துங்க. தான் சொன்ன எண் பாடத்தில் வருவதைப் பார்ப்பவர் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்வார்.

கூச்சப்படுபவர்களுக்கு, டெலிகிராமில் பெயர் காட்டாத வினாடி வினா வசதி உண்டு. எத்தனை பேருக்குத் தெரியலைன்னு உங்களுக்குத் தெரியும், யாருக்குன்னு தெரியாது. போன் நம்பரையும் அங்கே மறைத்துக்கொள்ளலாம். நம்பர் வெளியே போயிடுமேன்னு தயங்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம். முதல் நாளே செட்டிங்ஸில் அதை எப்படி மாற்றுவது என்று காட்டிடுங்க.

கடைசியாக ஒன்று. நேர் வகுப்பில் ஒருத்தர் வரலைன்னா பெஞ்ச் காலியா இருக்கும். ஆன்லைனில் ஒருவர் விலகிப் போவது சத்தமே இல்லாமல் நடக்கும். தக்காளி விலை மாதிரிக் கேள்விகளுக்குக்கூட ரெண்டு வாரமா பதில் சொல்லாதவர் யார்னு பாருங்க. குரூப்பில் பேர் சொல்லிக் கேட்காதீங்க. தனியா ஒரு செய்தி போடுங்க: "பாடம் எப்படிப் போகுது?" பலர் படிப்பை விடாமல் இருக்க அந்த ஒரு வரியே போதும்.